மெயினை அணைக்கச் சொன்னவரும் சோலார் ஏற்றியவனும்

மதுரை
எண்பத்தாறு, மாசி

முரளி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் அது பொய்யாகிவிடும். நான் நலமாக இல்லை. அங்கே அமெரிக்காவில் நீயும் அப்பாவும் இருக்கிற லட்சணமும் எனக்குத் தெரியும். சித்தி வீட்டு மாடியில், காகிதம் பறக்கிறதே என்று ஃபேனைக் கூட நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து எழுதுகிறேன். உன் திருமாங்கல்யத்துக்குப் பொன்னுருக்கியாகிவிட்டது. கூறைப்புடவை எடுத்தாகிவிட்டது. டெக்சஸில் பேர்லேண்ட் கோயிலிலிருந்து விமானத்தில் வருகிற புரோகிதருக்கு டிக்கெட் கூட ஏற்பாடாகிவிட்டது. பத்திரிகை மட்டும்தான் அச்சுக்குப் போகவில்லை. "என் பேரை எடுத்துடு, உன் தம்பி பேரைப் போட்டுக்கோ" என்று ஃபோனில் சொல்கிறார் உன் அப்பா. தாய்மாமன் சீர் செய்ய வேண்டிய என் தம்பியைக் கொண்டுபோய் மாப்பிள்ளைக்கு அப்பா இடத்தில் உட்கார வைப்பதாம். ஊர் சிரிக்காதா? அச்சகத்துக்காரரிடம் மாதக் கடைசி வரை தவணை சொல்லியிருக்கிறேன். அவரும் தினம் ஒரு தடவை ஆள் அனுப்பிக் கேட்கிறார்.

நேற்று எனக்கு மருமகளாக வரப் போகிற வித்யா ஃபோன் பண்ணினாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். நேற்றைக்கு என்னவோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசினாள். "ஆன்ட்டி, அங்கிளும் முரளியும் பேசற வரைக்கும் இன்விடேஷன் பிரிண்ட் பண்ண வேண்டாம். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட் ஆபீஸா இருக்க முடியாது. மேரேஜுக்கு அப்புறமும் இப்படியேதான் இருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன், கோபம் ஆறிவிடும். நன்றாக யோசித்து, அழாமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். அவள் அப்பா சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டேன், இல்லை, அப்பாவுக்குத் தெரியாது என்றாள். ஆக, இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இப்போது உங்கள் இரண்டு பேர் வாயில் இருக்கிறது. வாய் என்றால் இரண்டு பேருக்கும் கொழுக்கட்டை அடைத்த வாய்.

அதனால் நான் சொல்வதை முழுசாகக் கேள். நடுவில் எழுந்து போகாதே. நடந்ததில் உன் பாதியை நீ சொல்லிக்கொண்டு திரிகிறாய், அவர் பாதியை அவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். இரண்டு பாதியையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.

சிப் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சோலார் கம்பெனியில் விற்பனைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று நீ வந்து நின்றபோது அப்பா சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். பிசைவதை நிறுத்தாமலே, "வீடு வீடாப் போய்க் கதவு தட்டறதுக்காடா மெக்கானிக்கல் படிச்சே?" என்றார். நீ அன்றைக்குக் கோபப்படவில்லை. அழகாக விளக்கினாய். கூரைமேல் கறுப்புப் பலகை, அதற்குள் செம்புக் குழாய், வெயிலில் சூடான தண்ணீர் கராஜில் இருக்கிற தொட்டிக்கு இறங்கும், குளிக்கத் துவைக்க எரிகிற கேஸ் பாதியாகும். ஆகிற செலவில் பாதிக்கு மேல் வாஷிங்டன் சர்க்காரும் சாக்ரமென்டோ மாநிலச் சர்க்காரும் சேர்ந்து வரியில் கழித்துக்கொள்ளும், மீதிக்கு வங்கியில் கடன் கிடைக்கும். வெயிலிலிருந்து கரண்டே எடுக்கலாமாமே என்று நான் கேட்டேன். அது சேட்டலைட்டுக்குப் போடுகிற சாமான், நம்ம கூரைக்கு இன்னும் விலை கட்டாது என்றாய். முதல் பலகை நம் வீட்டிலேயே ஏறட்டும் என்று ஆசையாகக் கேட்டாய். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "கவர்மென்ட் காசுல ஓடற கம்பெனி. கவர்மென்ட் நிறுத்தினா அதுவும் நின்னுடும்" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் சலுகையே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. மின்சாரக் கம்பெனி வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது என்று தெரிந்த வாரமே கையெழுத்துப் போட்டு, கூரைக்கடியில் இருக்கிற அட்டிக் முழுக்கக் குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்து, வெந்நீர்த் தொட்டிக்குக் கம்பளி சுற்றி, ஜன்னல் இடுக்கெல்லாம் பூசியவர். அட்டிக்கில் தவழ்ந்து தவழ்ந்து முழங்கை முழுக்க அரிப்பு வந்து இரண்டு நாள் கத்தினாரே, நினைவிருக்கிறதா? அவர் வாங்கினால் அது நல்ல சலுகை, நீ கொண்டுவந்தால் ஏமாற்று வேலை. பிடித்த முயலுக்கு மூன்றே கால். நீயும் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்தவன்தான், மறுநாளிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சை எடுத்தாய். கடைசியில் நான் ஒரு சட்டம் போட்டேன்: மேஜையில் தட்டு இருக்கும்வரை சோலார் என்ற சொல்லே கூடாது. வீடு அமைதியாயிற்று. அந்த அமைதிக்காக நான் அப்போது என்னையே மெச்சிக்கொண்டேன், இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

நம் வீட்டில் ஏறாத பலகை சிவராமன் வீட்டில் ஏறியது. வித்யாவின் அப்பா லேசில் மசிகிற ஆளா? வரியில் கழிவது எப்படி, எந்தத் தேதிக்குள் பலகை ஏறி வேலை செய்ய வேண்டும் என்று வருமான வரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உன்னைப் பரீட்சை எழுத வைத்தார். எண்பத்தைந்தாம் வருஷத்தோடு வாஷிங்டன் சலுகை முடிகிறது என்பதால் உன் கம்பெனி பேயாய்ப் பறந்துகொண்டிருந்தது. அவர் வீடோ, கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்று ஒரு வருஷம் தேடி வாங்கிய வீடு. வாசல் கிழக்கே பார்த்ததால் கூரையின் சரிவுகளும் கிழக்கேயும் மேற்கேயும் போய்விட்டன, வெயில் வேண்டிய தெற்குப் பக்கம் ஒன்றுமில்லை. நீ விடவில்லை. கராஜ் கூரைமேல் இரும்புச் சட்டம் நிறுத்திப் பலகையைத் தெற்கே திருப்பினாய். முதல் நாள் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு வித்யாவின் அம்மா லலிதா எனக்கு ஃபோன் பண்ணி, "மாப்பிள்ளை போட்ட வெந்நீர்" என்று சிரித்தாள். உன் கல்யாணப் பேச்சு அன்றைக்குத்தான் பாதி முடிந்தது என்று வைத்துக்கொள். அப்புறம் நாம் இருக்கிற சான் ரமோனில் நம்மவர்கள் ஒவ்வொருவராக வரிசையில் நின்றார்கள். சிவராமன் வாங்கினால் அதில் கோளாறு இருக்காது, வேறு யாரும் விசாரிக்கவே வேண்டாம் என்பதுதான் நம் ஆட்களின் கணக்கு.

இப்போது அப்பாவின் பாதி. நம்மவர்கள் டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது என்ன செய்வார்கள்? ஃப்ரிட்ஜைக் காலி பண்ணிக் கதவு மூடாமல் நாற்காலியை முட்டுக் கொடுப்பார்கள். மிச்ச இட்லி மாவு, துளசித் தொட்டி, வீட்டுச் சாவி மூன்றும் நம் வீட்டுக்கு வரும். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் அப்பா ஒவ்வொருவருக்கும் ஃபோன் பண்ணி, "மெயினை அணைச்சாச்சா?" என்று கேட்பார். யாரோ ஒரு வருஷம் எதையோ அணைக்காமல் போய்த் திரைச்சீலை பொசுங்கியதிலிருந்து பிடித்த பழக்கம். எலெக்ட்ரிகல் இன்ஜினியர் சொல்கிறார், அதற்கு மேல் பேச்சு உண்டா? பிள்ளைகள் அவரை மெயின் அங்கிள் என்றே கூப்பிடும். போன டிசம்பரில் சிவராமன் குடும்பம் கல்யாண ஜவுளி எடுக்கச் சென்னைக்குக் கிளம்பியபோதும் கேட்டார். சிவராமன் கராஜுக்குப் போய் மெயினை அணைத்துவிட்டு வந்து, அணைத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

பலகையில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் கராஜில் இருக்கிற சின்ன பம்ப் தானாக ஓடி, தொட்டியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை மேலே அனுப்பிக் குழாயைக் காப்பாற்றும். பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும். இது உனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. நம்மவர்கள் ஊருக்குப் போனால் மெயினை அணைப்பார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். உனக்கு மட்டும் தெரியாதா? சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பழக்கம்தானே? ஆனால் கம்பெனியில் சொல்லிக் கொடுத்ததை நீ அப்படியே ஒப்பித்தாய். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அந்த அமெரிக்கக்காரர்கள் எதற்கு யோசிக்கப் போகிறார்கள்? நீதான் யோசித்திருக்க வேண்டும்.

துளசிக்கு நம் வீட்டில் வெயில் போதவில்லை என்று திரும்பச் சிவராமன் வீட்டு ஜன்னலோரம் கொண்டுபோய் வைக்கலாம் என்றுதான் அன்று காலை நான் போனேன். அந்த வாரம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது, கார்க் கண்ணாடியைச் சுரண்டாமல் யாரும் வேலைக்குப் போகவில்லை. கராஜ் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தெரு வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனேன். கராஜை ஒட்டிய கூடத்துச் சீலிங் ஊறித் தொப்பென்று விழுந்து கிடந்தது. லலிதா பிளாஸ்டிக் உறையைக் கூடக் கழற்றாமல் காப்பாற்றிய சோபாமேல் பஞ்சும் சீலிங் பலகையும் சேறுமாக இருந்தது. கார்பெட்டில் கால் வைத்தால் கணுக்கால் நனைந்தது. தண்ணீரை எங்கே மூடுவது என்று தெரியாமல் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அவர்கள் வீட்டு ஃபோனை எடுத்தேன். உனக்கும் பண்ணினேன், அப்பாவுக்கும் பண்ணினேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினீர்கள். அவர் நேராக மெயின் பெட்டியிடம் போனார், நீ நேராகக் கூரைக்கு ஏறினாய். இறங்கி வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்களே, கரண்ட் இல்லாமல் பம்ப் ஓடவில்லை, மேலே குழாய் உறைந்து வெடித்துவிட்டது என்று அந்த நிமிஷத்திலேயே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அப்போது ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

சிவராமன் ஊரிலிருந்து வந்ததும் நடந்தது உனக்கே தெரியும். ஆளில்லாத வீடு என்று இன்சூரன்ஸ் கையை விரித்துவிட்டது. உன் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சலுகை போன மறு மாதமே ஆள் அம்பு எல்லாவற்றோடும் காணாமல் போய்விட்டார்கள், அப்பா சொன்னபடியே. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை சிவராமன். ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் உன் அப்பா, "என் பையன் சொல்லியிருக்கணும் சார்" என்றார். பெற்ற பிள்ளையை, பெண் கொடுக்கப் போகிற வீட்டில், எல்லோர் முன்னாலும். நீ சும்மா இருந்தாயா? "ஆஸ்க் ஹிம். மெயினை ஆஃப் பண்ணச் சொன்னது யாரு?" என்று அவரைக் கை நீட்டிக் கேட்டாய். அப்பாவைப் பார்த்துக் கை நீட்டினாய், முரளி. அவர் கார்ச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். நீ அந்த வாரமே அபார்ட்மென்ட் பார்த்துக்கொண்டு போய்விட்டாய். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நான் நடுவில் நின்றேன்.

இதுவரை உனக்குத் தெரிந்தது. தெரியாததைச் சொல்கிறேன். நீ வேலை தேடுகிற நேரம் போக, தினமும் சாயங்காலம் சிவராமன் வீட்டுக்குப் போய்க் கார்பெட்டைக் கிழித்தாய், சீலிங்குக்குப் புதுப் பலகை அடித்தாய். மற்ற வீடுகளிலும் நீயே ஏறிச் சோலார் பலகையில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டு வந்தாய். யாரும் உன்னைச் செய்யச் சொல்லவில்லை. அதைக் கேட்டு நான் பெருமையில் அழுதேன், போதுமா? ஆனால் நீ சாயங்காலம் அடித்துவிட்டுப் போன சீலிங் பலகையின் இடுக்கெல்லாம் மறுநாள் பூசியிருந்ததே, சிவராமன் ஆள் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாயா? ஆபீஸுக்குப் போகும் முன் தினமும் விடிந்ததும் போய் அந்த இடுக்கைப் பூசியவர், நனைந்த வயரையெல்லாம் மாற்றியவர் உன் அப்பா. நீ வருகிற நேரத்துக்கு அவர் போக மாட்டார். "பூச்சு இன்னும் காயல, இன்னிக்கு அதைத் தொட வேண்டாம்னு சொல்லிடும்மா" என்று வித்யாவிடம் சொல்லிவிட்டுப் போவார். யார் சொன்னது என்பதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று வேறு அவளுக்கு உத்தரவு. அந்தப் பெண் போஸ்ட் ஆபீஸ் என்று சொன்னது இதைத்தான். ஒரே சீலிங்கை இரண்டு பேரும் பாதிப் பாதியாக மாட்டினீர்கள், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல். உங்களை என்ன செய்தால் தகும்?

நீயும் வித்யாவும் லிவர்மோர் பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வாங்குங்கள். இந்த ஒரு அனுபவத்தால் சோலாரே வேண்டாம் என்று இருந்துவிடாதே. வெயில் என்ன பாவம் செய்தது? அந்த வெந்நீரில் நானே குளித்திருக்கிறேன். முதலில் பஞ்சு அடை, இடுக்கை அடை, அதற்குக் கிடைக்கிற வட்டியில்லாக் கடனை வாங்கு. இதில் உன் அப்பா சொல்வதுதான் சரி. அப்புறம் பலகை போடு. மாநிலச் சலுகை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம், அதையும் விசாரி. ஆனால் சலுகை முடியப் போகிறது, சீக்கிரம் கையெழுத்துப் போடு என்று எவன் வந்து அவசரப்படுத்தினாலும் வாசலோடு அனுப்பிவிடு. பத்து வருஷம் கழித்து ஒழுகினால் யார் வருவார்கள் என்று கேள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேள். நீ திரும்ப இந்தத் தொழிலுக்கே போனாலும், ஒரு வீட்டின் கூரையில் ஏறுகிறதற்கு முன்னால் அந்த வீட்டு ஜனங்கள் எப்போது குளிப்பார்கள், எப்போது ஊருக்குப் போவார்கள், போகும்போது எதை அணைப்பார்கள் என்று உட்கார்ந்து கேட்டுவிட்டு ஏறு. உனக்குத் தெரியாத வீட்டில் மட்டும் அப்படிக் கேட்டால் போதாது, தெரிந்த வீட்டிலும் கேள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. நீ ஏழு வயதில் அமெரிக்கா வந்தவன். அத்தோடு தமிழ் எழுத்தை மறந்துவிட்டாய். உனக்கு இங்கிலீஷில் எழுத எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி லேபில் என்ன பாஷையில் எழுதினேன்? ஆனாலும் தமிழில் எழுதி, கவர் மேலே மட்டும் இங்கிலீஷில் ஒரு வரி போட்டேன், அப்பாவைத் தவிர யாரிடமும் காட்டாதே என்று. வித்யாவுக்குத் தமிழ் படிக்க வராது. சிவராமனிடம் கொண்டுபோக உனக்கு முகம் இல்லை. அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு நம் வீட்டுக்குத்தான் போயிருப்பாய். ஆகவே இவ்வளவு நேரமும் உனக்கு இதை வாசித்துக்கொண்டிருப்பவர் அப்பா. தன்னைப் பற்றி நான் எழுதிய திட்டையெல்லாம் தன் வாயாலேயே வாசித்திருக்கிறார், பாவம்.

என்னங்க, நிறுத்தாதீங்க. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் மடித்து வைத்துவிடாதீங்க. இன்னும் கொஞ்சம்தான். அடுத்த வரியையும் இதே மாதிரி, முழுங்காமல், சத்தமாக வாசியுங்கள்.

"முரளி, மெயினை அணைக்கச் சொன்னது நான்டா. உன் மேல மட்டும் பழியைப் போட்டது தப்பு."

வாசித்துவிட்டீர்களா? அவன் கேட்டுவிட்டான். இனி காகிதத்தைக் கீழே வையுங்கள். அவனுக்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அவன் சொல்ல வேண்டியதை அவனே சொல்லட்டும். சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஃபோன் பண்ணுங்கள். அச்சகத்துக்காரர் காத்திருக்கிறார்.

அம்மா